கீழ்த்தொட்டியின் அரைவயிறு

ஒரு வீட்டின் கூடத்தில், மேடைமேல் மீன்தொட்டி ஒன்று இருந்தது. அதன் நீரை வடிகட்டும் இன்னொரு தொட்டி மேடைக்கு அடியில் இருந்தது. வடிந்த நீரை ஒரு மோட்டார் ஓயாமல் மேலேற்றிக்கொண்டிருந்தது. தரை ஒருமுறை நனைந்தாலும் இரண்டையும் தூக்கி எறிவதாக வீட்டுக்கார அம்மாள் வேதவல்லி சொல்லியிருந்தாள்.

"என்னடி தங்கச்சி, எப்போதும் அரைவயிறாகவே கிடக்கிறாய்? நிரம்பி வாழும் யோகமே உனக்கு இல்லையா?" என்றது மேல்தொட்டி.

"இந்த இடம் வேண்டியிருக்கும், அக்கா," என்றது கீழ்த்தொட்டி.

அப்போது மின்சாரம் நின்றது. மோட்டார் அடங்கியதும் மேலிருந்த நீர் குழாய்வழியே திரும்பி இறங்கலாயிற்று. கீழ்த்தொட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதனை விளிம்புவரை ஏந்திக்கொண்டது. தரை நனையவில்லை.

மின்சாரம் வந்தது. நீரும் மேலே போயிற்று.

"பார்த்தாயா, ஒரு சொட்டும் சிந்தாமல் நிற்கிறேன். நீதான் மறுபடியும் அரைவயிறு," என்றது மேல்தொட்டி.

கூடத்து விளக்கு அணைவதுபோல் மினுங்கியது.

"மோட்டார் அண்ணா, அடுத்த முறை நிற்பதற்கு முன்னே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்," என்றது கீழ்த்தொட்டி.

"சொல்லலாம்தான், அம்மா. எனக்கு யார் சொல்கிறார்கள்?" என்றது மோட்டார்.