கியர் விழமாட்டேங்குது

"கியர் விழமாட்டேங்குது மாது. கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

மறுபடியும் அதே போன். நல்லம்பள்ளியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மாது, கிரீஸ் படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "வரேன் சார்" என்றான். வேறென்ன சொல்வது? சவுரியப்பன் சார் ஒன்பதாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கு எடுத்தவர். முடியாது என்று சொல்ல அப்போதே பழகியிருந்தால் இப்போதும் சொல்லியிருப்பான்.

சாருடையது அந்தக் காலத்து பியட் கார். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை போனபோது அந்தக் கம்பியின் அடியில் இருந்த புஷ் தேய்ந்திருந்தது. மாற்றினான். அடுத்த தடவை கிளட்சைச் சரிசெய்து, கியர் பாக்ஸுக்குப் புது ஆயிலும் ஊற்றினான். இரண்டு தடவையும் தானே தொப்பூர் வரைக்கும் ஓட்டிப் பார்த்தான். நாலு கியரும் சொன்ன பேச்சைக் கேட்டன. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் காலையில் இதே போன்.

"வண்டிக்கு ஒண்ணியும் இல்ல. அந்தம்மா போனதுலேருந்து அவருக்குப் பேச ஆளில்ல, அதான் உன்னியக் கூப்புட்டுக் கூப்புட்டு உக்கார வெச்சுக்கறாரு" என்றாள் மாதுவின் மனைவி கோவிந்தம்மாள். மாதுவுக்கும் அது சரியென்றே பட்டது. பாவம், இன்றைக்கு ரிப்பேர் கிப்பேர் என்று இழுக்காமல், ஒரு டீயைக் குடித்துக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினான்.

அந்தம்மா என்றால் சாரின் மனைவி லூர்தம்மாள். போன வருஷம் மழைக்காலத்தில் தவறிப்போனவர். அந்த அம்மா பக்கத்தில் இல்லாமல் சாரை அந்த வண்டியில் ஊரில் ஒருத்தரும் பார்த்ததில்லை. சந்தையோ, சர்ச்சோ, கல்யாணமோ, இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்துகொண்டுதான் போவார்கள். சாருக்கு வண்டி ஓட்டும்போதும் கணக்கு விடாது. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே போவார். அந்தம்மாவுக்கு ஒண்ணாங்கிளாஸ் பாடம் நடக்கிறது என்று பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மாதுவும் சிரித்தவன்தான்.

சார் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ நகைக்கடை விளம்பரம். பார்க்க ஆளில்லை. மாது அதை அணைக்கப் போனபோது சார் வேண்டாமென்று தடுத்தார். வீட்டுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தால்தான் சோறு இறங்குகிறதாம். டீயைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"நாளைக்குப் பையன் வரான் மாது. நானே தனியா வண்டிய எடுத்து, அவ கல்லறைக்குப் போயிட்டுத் திரும்பிட்டா, இங்கயே இருன்னுட்டான். இல்லன்னா வண்டிய வித்துட்டு அவன்கூட பெங்களூருக்குக் கிளம்பிடணும்."

அங்கே பதினொன்றாவது மாடி. கதவைத் திறந்தால் இன்னொரு பூட்டின கதவு. போன தடவை ஒரு மாதம் அங்கே இருந்ததில், லிப்டில் ஒரு பெரியவர் மணி கேட்டதுதான் வெளி ஆள் தன்னிடம் பேசிய ஒரே பேச்சு என்று சொல்லிவிட்டுத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயும் தனிதான். ஆனா ஞாயித்துக்கிழமன்னா போய் அவகிட்ட நாலு வார்த்த பேசிட்டு வரலாமில்ல. அதுக்கு அந்தக் கியர் விழணும். நான் போட்டாக் கடகடன்னு கத்துதே தவிர விழமாட்டேங்குது."

பேச்சுத்துணைக்குக் கூப்பிடுகிற ஆள் இப்படிக் கெஞ்சமாட்டார். வண்டியில் தன் கண்ணுக்குத் தப்பிய கோளாறு நிஜமாகவே ஏதோ இருக்கிறது. தான் ஓட்டும்போது ஒழுங்காக ஓடி, சார் ஓட்டும்போது மக்கர் செய்கிறதென்றால் சாரை ஓட்டச் சொல்லித்தான் பார்க்கவேண்டும். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

"இன்னிக்கு நான் எடுக்கலீங்க சார். நீங்களே ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

சாரின் முகம் மாறியது. வெயில் தாழட்டுமே என்றார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். தண்ணீர் குடித்தார். பூட்டின கதவைத் திரும்பவும் இழுத்துப் பார்த்தார். மாது விடவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருந்த முன்சீட்டில், அந்தம்மா வழக்கமாக உட்காரும் பக்கத்தில் மாது ஏறிக்கொண்டான்.

வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. சார் கிளட்சை அடிவரைக்கும், பக்குவமாக மிதித்தார். ஒரு குறையும் சொல்லமுடியாது. இனிமேல்தான் கவனிக்கவேண்டும் என்று மாது காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தான்.

சார் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே மெதுவாக, "ஒண்ணு" என்றார்.

மாது காத்திருந்தான். சாரும் காத்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஸ்டியரிங்கிலிருந்து அவர் கை எழவே இல்லை.

"கியரப் போடுங்க சார்."

சவுரியப்பன் சார் திரும்பவில்லை. கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"நம்பர் சொல்றது மட்டுந்தான் மாது என் வேல. வண்டி வாங்கின நாள்லேருந்து கியர் அவதான் போடுவா."