மேடு வந்தால் கழலும் செயின்

"மறுபடியுமா?"

ஆடிட்டர் போட்ட சத்தத்தில் வயலில் இருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன.

மேட்டுப் பாதையில் எல்லாருக்கும் முன்னால் போன கைடு, சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்திருந்தார். செயின் கழன்று தொங்கியது.

"ஏம்ப்பா, ஊரைச் சுத்திக் காட்ட வந்தியா, ரிப்பேர் பார்க்க வந்தியா? நல்ல சைக்கிளா ஒண்ணு எடுத்துட்டு வர மாட்டியா?"

"மன்னிச்சுக்கோங்க சார். இதோ ஆச்சு."

ஆடிட்டரோடு வந்திருந்த ஆபீஸ் ஜூனியர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கினார்கள். கைடைத் தாண்டி யாரும் போகக் கூடாது என்பது இந்தச் சுற்றை நடத்தும் சைக்கிள் கடையின் கண்டிப்பான விதி. அவர் நின்றால் எல்லாரும் நிற்க வேண்டியதுதான்.

கடைசி ஆளாக வந்து சேர்ந்த தையல்காரம்மாவுக்கு மட்டும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அவள் சைக்கிள் பழகியதே போன மாதம்தான். மருமகள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிக் கற்றுக்கொடுத்தாள். இந்த ஒரு நாள் சுற்றுக்கு மாமியாரின் பேரைக் கொடுத்ததும் மருமகள்தான். மகனோ, "பாதி வழியில வேன்ல ஏறி வந்துடாதேம்மா, தெருவே சிரிக்கும்" என்று கேலி பண்ணி அனுப்பியிருந்தான்.

முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. செத்தாலும் அதில் ஏறுவதில்லை என்று கிளம்பும்போதே முடிவு கட்டியிருந்தாள்.

ஆடிட்டர் அவள் பக்கம் திரும்பினார். "முடியாதவங்க பேசாம வேன்ல ஏறிடலாமே. எதுக்கு இந்த வீம்பு?"

அது அவள் காதில் விழவே இல்லை. எதிரே தெரிந்ததை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளத்தாக்கின் குறுக்கே வரிசையாகக் கல் வளைவுகள். அவற்றின் தலைமேல் ஒரு வாய்க்கால் ஓடியது. எந்தக் காலத்திலோ யாரோ கட்டியது, இன்னும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"தண்ணி ஆகாசத்துல போகுதே!"

"அந்தத் தண்ணிதாம்மா நம்ம வீட்டுக் குழாய்ல வருது" என்றார் கைடு, செயினை மாட்டியபடி.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் குழாயில்தானே காலம் பூரா குடம் பிடித்திருக்கிறாள்!

அடுத்த மேட்டிலும் செயின் கழன்றது. ஆடிட்டர் இந்தத் தடவை சைக்கிள் கடைக்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். அவள் அதற்குள் மூச்சு வாங்கி முடித்து, பாதையோரக் கல்லில் பழைய வண்டிச் சக்கரங்கள் அரைத்துப் போட்ட பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தாள். கை முழங்கை வரை உள்ளே போனது. எத்தனை தலைமுறை இந்த வழியாக ஏறியிருந்தால் கல்லே இப்படித் தேயும்!

அப்போதுதான் உறைத்தது. சமதரையில் இந்தச் செயின் கழலவே இல்லை. மேட்டில், அதுவும் அவள் பின்தங்கும்போதுதான் கழல்கிறது.

எனக்காகத்தான்! முன்பின் தெரியாத எனக்காக இந்தத் தம்பி இத்தனை திட்டு வாங்குகிறானே! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு வழியாக மேட்டின் உச்சியில் இருந்த பழைய கோட்டையின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். கீழே ஊர் மொத்தமும் வெயிலில் விரிந்து கிடந்தது. மதில்கள், கோபுரங்கள், ஓட்டுக் கூரைகள், நடுவே வளைந்து போகிற ஆறு.

"இவ்ளோ அழகான ஊர்லயா நான் இருக்கேன்?" அதுவும் சொந்தக் காலில் ஏறி வந்து பார்க்கிறாள். நெஞ்சு நிறைந்து போனது.

கைடுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிடலாம் என்று மதிலுக்குப் பின்பக்கம் போனாள். அவர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிரே கல்லில் உட்கார்ந்திருந்தவர் ஆடிட்டர்.

"திரும்பற வழியிலயும் ஒரு மேடு இருக்காமே. அங்கயும் கழட்டிடுப்பா. இல்லேன்னா ஜூனியர் பசங்க முன்னாடி என் மானம் போயிடும். நான் திட்டறதை மனசுல வெச்சுக்காதே."

"பரவால்ல சார், திட்டுங்க. ஆனா மூச்சு வாங்கிட்டு அப்புறமா திட்டுங்க."

தையல்காரம்மா சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் அந்த மேடு வந்தது. தையல் மெஷின் மிதித்தே உரமேறிய கால்களுக்கு இப்போது நன்றாகப் பிடி கிடைத்துவிட, அவள் கைடுக்கு அடுத்த ஆளாக ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் ஆடிட்டரின் மூச்சு இரைவது கேட்டது. கைடு வேகத்தைக் குறைத்துச் செயினைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, நிறுத்துங்க! என்னால முடியல!" என்று தையல்காரம்மா கத்தினாள்.

எல்லாரும் நின்றார்கள். ஜூனியர்கள் நமுட்டுச் சிரிப்பு சிரித்தார்கள். வேன் டிரைவர் கதவைக்கூடத் திறந்துவிட்டார்.

கைடு திரும்பிப் பார்த்தார். அவள் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. அவர் பிரமித்துப் போய் அவளையே பார்த்தபடி நின்றார்.

மற்ற எல்லாரையும் முந்திக்கொண்டு காலை ஊன்றியிருந்த ஆடிட்டர், ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்துகொண்டு பெரிய மனசோடு சொன்னார்.

"பரவால்லம்மா... மெதுவா... வாங்க. உங்களுக்காக... எவ்ளோ நேரம் வேணாலும்... நிக்கறோம்!"