டிரம்ஸ்: கொளஞ்சிநாதன்

படத்தில் டிரம்ஸ் வாசிப்பது சந்தேகமே இல்லாமல் அவள் புருஷன் லூர்துசாமிதான். கீழே போட்டிருந்த பெயர்தான் வேறு. ‘டிரம்ஸ்: கொளஞ்சிநாதன். நெய்வேலி, 1988.’

சகாயமேரி இன்னொரு தரம் படித்தாள்.

சென்னையில் புதிதாகக் கட்டிய இசை அரங்கம் அது. மாடியில் மேடை, கீழே மெல்லிசைக் குழுக்களைப் பற்றிய கண்காட்சி. நெய்வேலிக் குழுவின் படமும் இருக்கிறதென்று யாரோ சொல்ல, இரண்டு வாரமாக நச்சரித்து லூர்துசாமியை லீவு போட வைத்து, விடியற்காலை பஸ்ஸில் கூட்டி வந்திருந்தாள். சுவர் முழுக்க அடுக்கியிருந்த கேசட்டுகளைக்கூட நின்று பார்க்கவில்லை. நேராக இங்கேதான் வந்தாள்.

"பேர மாத்திப் போட்டிருக்காங்க. போய்ச் சொல்லுங்க."

"இருந்துட்டுப் போவுது, விடு" என்று லூர்துசாமி அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

அவளால் விட முடியவில்லை. பன்னிரண்டு வருஷம், ஷிப்டு முடிந்த களைப்போடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர் இவர். அதற்கு முன்னால், லாரியில் அடிபட்டு வலது கை முடங்கிப் போகும்வரை கொளஞ்சிநாதனும் வாசித்தவர்தான். அதை யாரும் இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக அடுத்தவர் முகத்துக்குக் கீழே தன் பெயரையா போட்டுக்கொள்வது? குழுவின் போட்டோ ஆல்பம் அவரிடம்தான் இருக்கிறது. வேறு யார் அனுப்பியிருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவர்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகிற மனுஷன்.

இனிமேல் அந்த ஆள் நம்ம வூட்டுப் படி ஏறக் கூடாது என்றாள்.

அவளே விடுவிடுவென்று வாசல் மேஜைக்குப் போனாள். அங்கே இருந்த எழில்மதி என்ற பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஒரு ஃபைலை எடுத்தாள்.

"படம் குடுத்தவங்க எழுதித் தந்த பேரத்தாம்மா போட்டிருக்கோம். நீங்களே பாருங்க."

சகாயமேரி படிவத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாக அவள் பார்த்துப் பழகிய கையெழுத்து. அடியில் ‘இப்படிக்கு, அ. லூர்துசாமி, பிளாக் 18’ என்று இருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்குதும்மா. மாத்த வேணாம்" என்று பின்னாலிருந்து லூர்துசாமியின் குரல் கேட்டது.

வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். அந்தப் பன்னிரண்டு வருஷமும் கொளஞ்சி வாசித்திருக்க வேண்டிய வருஷம், தான் அவன் இடத்தில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான் என்றார்.

"லாரிக்காரன் இடிச்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

லூர்துசாமி ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்கி காலைல எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு. நான் ஒன்னப் பொண்ணு பாக்க முத்தாண்டிக்குப்பம் கெளம்பிட்டேன். எனக்குப் பதிலா ஷிப்டுக்குப் போவத்தான் அவன் சைக்கிள எடுத்துக்கினு வந்தான்."