எதுவானாலும் எழுத்துல

“இதுக்கு மின்னாடி ஏம்மா நாலு மாசத்துலயே முறிஞ்சுபோச்சு?”

முதல் கேள்வியே நிஷாவைத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி கேட்டே பழகியவள் அவள். பதில் சொல்வதுதான் புதிது.

“ஒரு நாள் லேட்டானதுல... பேச்சு முத்திடுச்சு அக்கா.”

“கத்துனது யாரு?”

“நான்தான்.”

எதிரே இருந்த பொன்னியம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். “நெசத்த ஒத்துக்கினியே, அது நல்ல கொணம். கோவம் இப்பவும் வருமா?”

“குறைச்சுக்கிட்டேன் அக்கா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் பரத் லேசாக இருமினான். நிஷா அவன் காலை மிதித்தாள். இந்த வாரத்தில் மட்டும் இரண்டு பேர் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பொன்னியம்மாவும் கைவிரித்துவிட்டால் திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போக முடியாது.

“கைக்கொழந்த வேற இருக்குதாமே?”

“ஆறு மாசம்.”

“இருக்கட்டும். ஆனா கொழந்தைய சாக்கு வெச்சுகினு டைம இழுக்கக் கூடாது. எட்டு மணி நேரம்னா எட்டு மணி நேரந்தான். மேல போனா தனிக் கணக்கு. வாரத்துல ஒரு நாள் லீவு. பேரமெல்லாம் கெடையாது.”

“சரிங்க அக்கா.”

“புடிக்கலன்னா ஒரு மாசம் மின்னாடி சொல்லிப்புடணும். ரெண்டு பக்கமும். எல்லாம் எழுத்துல.”

“எழுத்துலயா?” என்றான் பரத்.

“பின்ன? திருமழிசைல ஒரு கம்பெனில பதினாலு வருசம் இருந்தேன் நைனா. வான்னு வாயால கூப்ட்டாங்க, போன்னு வாயாலயே சொல்ட்டாங்க. இப்ப சட்டமே மாறிப்போச்சு. ஆர்டர் பேப்பர் குடுக்காம ஆள வெக்கக் கூடாதாம். எங்கள மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் அது இன்னும் வரலைன்றாங்க. வரும்போது வரட்டும். நாங்களே ஆரம்பிச்சுட்டோம்.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். நிஷா படித்தாள். ஒரு வரியில்கூடக் குறை சொல்ல முடியவில்லை.

“என்னை... எடுத்துக்கிட்டீங்களா அக்கா?”

பொன்னியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். “ஒரு மாசம் பாப்போம். போடு கையெழுத்து.”

நிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டாள்.

தாளை வாங்கி மடித்துக்கொண்ட பொன்னியம்மா, தொட்டிலில் சிணுங்கிய குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். “திங்கக்கெழம ஏழரைக்கு இங்க வந்துடுவேன். நீ நிம்மதியா ஆபீசுக்குப் போ கண்ணு.”

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாவிடம் கேட்பதற்காக இருபது கேள்விகள் எழுதி வைத்திருந்த பரத், அந்தக் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனான்.