ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று

நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் பத்திரமாக வந்து சேர்ந்திருந்தன.

எல்லாவற்றிலும் ஒரே வரி.

இந்தப் பதிவு நீக்கப்பட்டது.

துரை அடுத்ததைத் திறந்தான். அதற்கடுத்ததை. நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று.

காலைப் பதினோரு மணி. வெயில் மேசை வரை வந்துவிட்டது.

ஜெசிந்தா அக்காவின் கணவர் கப்பலில் எஞ்சின் பார்த்தவர். கரை தொட்ட துறைமுகத்திலிருந்தெல்லாம் ஒன்பது வருடம் தன் வலைப்பூவில் எழுதினார். போன வருடம் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அந்த வலைப்பூவுக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த நிறுவனம் இந்த வெள்ளிக்கிழமையோடு கடையைக் கட்டுகிறது.

"ஞாயித்துக்கெழமைக்கு ஒண்ணுதான் வாசிக்கேன் தம்பி. தீந்துட்டா அப்புறம் என்ன செய்ய?"

முந்தாநாள் அக்கா தூத்துக்குடியிலிருந்து போனில் சொன்னாள். அவள் வாசிக்காதவை இன்னும் முந்நூற்றுச் சொச்சம் இருந்தன.

மூடப்போகும் தளங்களை நகலெடுத்துக் காப்பாற்றுவது அவனுக்கு ஓய்வுநேர வேலை. சம்பளம் கிடையாது, பெயர் உண்டு. அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். ஒரு பக்கத்தைத் திறந்து சேமிக்கும். அதிலிருந்து வேறு பக்கங்களுக்குப் போகும் சுட்டிகளை ஒன்று விடாமல் திறந்து அவற்றையும் சேமிக்கும்.

வெளியே தெரிகிற பதிவுகளை மட்டும் எடுத்திருந்தால் பத்து நிமிட வேலை. அவனுக்கு அது போதவில்லை. வெளியிடாத வரைவுகளும் இருக்குமே என்று அக்காவிடம் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கினான். ஒன்று விடாமல் எடுத்துவிடலாம் என்று பெருமை வேறு.

பாஸ்வேர்டோடு மென்பொருள் உள்ளே போனது.

உள்ளே ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் 'நீக்கு' என்று ஒரு சுட்டி. பழைய காலத்துத் தளம், உறுதிதானா என்றுகூடக் கேட்காது. மென்பொருள் கண்டதெல்லாம் ஒரு சுட்டி, அவ்வளவுதான். திறந்தது. உரிமையாளரே அழிக்கச் சொல்கிறார் என்று தளமும் அழித்தது. வந்த பதிலை மென்பொருள் அக்கறையாகச் சேமித்துக்கொண்டது.

உரிமையாளர் கணக்கில் நுழைந்து இதை ஓட்டாதீர்கள் என்று மென்பொருள் கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறது.

கையேட்டைத் தமிழில் மொழிபெயர்த்தவனே அவன்தான்.

நிறுவனத்துக்கு எழுதினான். அரை நிமிடத்தில் பதில் வந்தது. உதவிப் பிரிவு போன மாதமே மூடப்பட்டுவிட்டதாம்.

அந்த நானூற்றுப் பன்னிரண்டுக்கு வெளியே தப்பியது ஒரே ஒரு பக்கம். அழிப்பதற்கு முன் முதலில் சேமித்த தலைப்புப் பட்டியல். வரைவுகள் கடைசியில் இருந்தன.

ஜெசிக்குச் சொல்லாதது – 1.

ஜெசிக்குச் சொல்லாதது – 2.

பதினான்கு வரை போயிற்று.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததோடு சரி. பட்டியலைக் கொடுத்தால், தலைப்பு இருக்கிறதே, எழுதியது எங்கே என்று கேட்பாள்.

அதையும் அழித்தான். அவன் கணினி மட்டும் கேட்டது, உறுதிதானா என்று.

ஆம் என்று அழுத்தினான்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவள்தான்.

"தம்பி, அவுக பக்கத்தத் தொறந்தா ஒண்ணுமே இல்லன்னு வருது. நீங்க எடுத்து வச்சிட்டீங்கல்லா?"



"இன்னைக்குத்தான்க்கா ஆரம்பிச்சேன். அதுக்குள்ள கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க."

அந்தப் பக்கம் யாரோ துணி துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வெள்ளிக்கெழமைன்னுல்லா போட்டிருந்தான்."

அவன் திரையை அணைத்தான்.

"எம்மேலதான் தப்பு தம்பி. போன மாசமே மெயில் வந்துச்சு. நாந்தான் யாருகிட்டயும் சொல்லாம சும்மா இருந்துட்டேன்."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. போனை வைக்கவும் இல்லை. அப்படியெல்லாம் இல்லை என்று அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள்.

"ஆமாக்கா," என்றான். "கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருக்கலாம்."