காய்ந்த கயிறு

பம்புக் கடை மேசையில் அவள் கயிற்றைப் பிரித்துப் போடுகிறாள். காலையில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு அளந்த கயிறு; நனைந்த நீளம்தான் தண்ணீரின் ஆழம். ஈரம் முடிந்த இடத்தில் முடிச்சுப் போட மறந்துவிட்டாள். பஸ் ஜன்னலோர வெயில் ஈரத்தை ஒட்டக் குடித்துவிட்டது. "கிணத்தாழம் சரிக்கா, தண்ணி எவ்வளவு நிக்குது? அது தெரியாம குடுத்தா உங்க பழைய மோட்டார் மாதிரி இதுவும் எரிஞ்சுடும்," என்கிறார் கடைக்காரர். "பஸ் ஏறும்போது சொட்டிக்கிட்டே இருந்துச்சு தம்பி. நீங்களே ஒண்ணு பாத்துக் குடுங்களேன்." "நான் கிணத்தையா பாத்தேன்?" சுவரோரம் நீலமும் பச்சையுமாக மோட்டார்கள் வாய் பிளந்து நிற்கின்றன. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் விழிக்கிறாள். பிறகு கயிற்றை எடுத்துச் சாண் சாணாகக் கன்னத்தில் ஒற்றுகிறாள். எங்காவது கொஞ்சம் குளிராதா? கல் கட்டிய முனைவரை வந்துவிட்டாள். எல்லா இடமும் ஒரே சூடு.