ஆறு ஆப்பிரிக்கக் கெளுத்தி

"கையை எடு தேசப்பா. இது உங்க பழவேற்காட்டு ஏரி இல்லை."

தேசப்பன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விலகி நின்றார். கும்மிடிப்பூண்டி பைப் ஃபாக்டரியில் அவருக்குத் தோட்ட வேலை. வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியைக் கழுவுவதும் அதில் சேர்த்தி. அதட்டிய முதலாளி வீரராகவனுக்கோ அந்தத் தொட்டிதான் கௌரவம்.

நாளை பம்பாயிலிருந்து ஒரு கம்பெனி டைரக்டர் விருந்துக்கு வருகிறார். அவரும் மீன் வளர்ப்பவர். அவரிடம் இல்லாத ஒன்றைக் காட்டி அசத்த வேண்டும் என்று, மெட்ராஸ் மீன் வியாபாரி லோகநாதன் மூலம் ஆறு ஆப்பிரிக்கக் கெளுத்திகளை வரவழைத்திருந்தார் வீரராகவன். சிங்கப்பூர் வழியாக விமானத்தில் வந்த மீன்கள். நேற்று மாலை டிரைவர் போய் வாங்கி வந்து தொட்டியில் விட்டான்.

இன்று காலை பார்த்தால், ஆறும் வயிறு மேலே தெரிய, நீர்ச்செடிக்கு அடியில் அசையாமல் கிடந்தன.

"என்ன தண்ணி விட்டே?"

"கெணத்துத் தண்ணிதான் சார். ரெண்டு நாளு ஆற வச்சுதான் ஊத்தினேன்."

"கொன்னுட்டே."

"சாவல சார். செவுளு அசைஞ்சுக்கினு கீது, பாருங்க."

வீரராகவன் ஒரு குச்சியை விட்டுத் தள்ளினார். ஒரு மீன் மல்லாந்தபடியே நாலு விரற்கடை நகர்ந்து நின்றது.

"இது சாகிற துடிப்பு. மீனைக் குழம்பு வைக்க மட்டும் தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகுது? நான் இங்கிலீஷ் புத்தகம் படிச்சு மீன் வளர்க்கிறவன்."

"செத்த மீனு எங்களுக்குத் தெரியும் சார். கண்ணு வெளுத்துப் பூடும். இதுங்க கண்ணு தெளிவா கீது. ஒரு நாளு வுட்டுப் பாக்கலாம்."

"டைரக்டர் வந்து பிணத்தைப் பார்க்கணுமா? வாளியில அள்ளிட்டுப் போய் எங்கேயாவது புதை. அப்படியே நீயும் போயிடு. திரும்பி வராதே."

தேசப்பன் வாளியை எடுத்து வந்தார். வீட்டில் மனைவி முத்தம்மாவிடம் என்ன சொல்வது? பிறகு தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு, ஒவ்வொரு மீனையும் நோகாமல் உள்ளங்கையில் ஏந்தி விட்டார். புதைக்கப் போகிறவனுக்கு இத்தனை பக்குவம் எதற்கு என்று வீரராகவன் சத்தமாகவே சிரித்தார்.

நண்பகலில் லோகநாதன் வந்தார். வீரராகவன் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"சாகப்போற மீனை வெளிநாட்டு மீன்னு என் தலையில கட்டிட்டீரே. உம்மையும் ஒரு வியாபாரின்னு நம்பினேன் பாரும்."

லோகநாதன் காலித் தொட்டியைப் பார்த்தார். குரல் உயரவில்லை.

"உங்க டிரைவர் நான் சொன்னதுக்குக் காது குடுக்காம பையைத் தூக்கிக்கினு வந்துட்டாரு. அதான் நேர்ல சொல்ல வந்தேன். அதும் பேரே தலைகீழ்க் கெளுத்தி சார். ஆயுசு பூரா மல்லாந்துதான் நீந்தும்."

வீரராகவன் அவசரமாக வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"யாரங்கே? சைக்கிளை எடுத்துட்டுப் போய் அந்தத் தேசப்பனை வாளியோட இழுத்துட்டு வா."

"வேணாம் சார்," என்றார் லோகநாதன். "ஸ்டேஷன்ல வாளிக்குத் துண்டைப் போத்திக்கினு குந்தியிருந்தவரைப் பாத்துப் பேசிட்டுத்தான் வரேன். இனிமே எங்க மீனுங்களை எல்லாம் அவருதான் பாத்துக்கப் போறாரு. வாளியோட அவரை மெட்ராஸ் வண்டியில ஏத்தி அனுப்பிச்சாச்சு."